இருபதுக்குப் பத்தொன்பது

ஏப்ரல் 28, திங்கள்

இது போன வருடத்து டைரி. ஒரு பக்கம்கூட எழுதாததால் புதுசு போலவே இருக்கிறது. கிழமையை மட்டும் அடித்துத் திருத்தி இந்த வருடத்தை ஓட்டிவிடலாம். சிக்கனம் என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன்.

இன்று எழுதக் காரணம் உண்டு. திருமாறன் ஆகிய எனக்கு, பி.எஸ்சி. கணிதம், வயது இருபத்தெட்டு, வங்கியிலிருந்து பணி ஆணை வந்துவிட்டது. நான்கு வருடம், பதினோரு தேர்வு, கடைசியில் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கிளையில் எழுத்தர். ஜூன் 9-க்குள் சேர வேண்டும். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போனபின் வீட்டில் அவரும் நானும்தான். கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டுத் தெருவில் நாலு வீட்டுக்கு மைசூர்பாகு கொடுத்தார். நான் தேறவே மாட்டேன் என்று சொன்ன வீடுகளாகப் பொறுக்கிக் கொடுத்தார்.

இதற்கு நடுவில் ஒரு சங்கடம். டிசம்பரிலிருந்து உறையூரில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான பயிற்சி மையம் ஒன்றில் இருக்கிறேன். கணினியில் விவரம் ஏற்றத்தான் போனேன், வங்கி முடிவு வரும்வரை. ஜனவரியில் ஓர் ஆசிரியை பிரசவத்துக்குப் போய்விட, "ஒரு வாரம் மட்டும் உக்காருங்க சார்" என்று ஃபரிதா மேடம் என்னை ஒரு குழந்தைக்கு எதிரே உட்கார வைத்தார். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. மேடம்தான் மையத்தை நடத்துகிறார். என்னைவிட இரண்டு வயது சின்னவர். இன்று கூப்பிட்டு, "உங்களுக்கு இது நல்லா வருது சார். சிறப்புக் கல்வி டிப்ளமோவுக்கு அப்ளை பண்ணுங்க, நான் லெட்டர் தர்றேன்" என்றார். சரி என்றேன். வீட்டுக்கு வந்தால் அப்பா, "ஒரு ஞாயித்துக்கெழமை பெட்டி வாங்கப் போவோம்" என்றார். அதற்கும் சரி என்றேன்.

ஏப்ரல் 30, புதன்

என் ஒரே மாணவி சஹானா. ஏழு வயது. பேச்சு இல்லை. எவர்சில்வர் டம்ளரைச் சுற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்ப்பாள், பிறகு மறுபடி சுற்றுவாள். வேலை இதுதான்: மேஜையில் நான்கு படஅட்டைகள் வைப்பேன். பந்து, கரண்டி, தயிர், செருப்பு. "கரண்டி எடு" என்பேன். சரியாக எடுத்துக் கொடுத்தால் சோப்புக் குமிழி ஊத வேண்டும். இப்படி இருபது முறை. எத்தனை சரி என்று தாளில் குறிக்க வேண்டும்.

ஜனவரியில் இருபதுக்கு ஐந்தில் தொடங்கினாள். மார்ச்சில் பன்னிரண்டு. இன்று பத்தொன்பது. மையத்தில் வேறு எந்தக் குழந்தையும் பதினான்கைத் தாண்டவில்லை. மேடம் இதைக் கோட்டுப்படமாகப் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டார். தண்ணீர் குடிக்கிற சாக்கில் அந்தச் சுவர்ப்பக்கம் இன்று ஆறு முறை போனேன்.

சாயங்காலம் சஹானாவின் அம்மா சுகந்தி வந்தார். ஜவுளிக்கடையில் பில் போடுகிறவர், கணவர் குவைத்தில். "வீட்ல எங்கிட்ட ஒண்ணுகூட எடுக்க மாட்டேங்கிறா சார். அதே கார்டுதான். நாலு மாசமா முயற்சி பண்றேன்" என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டு, "பதட்டப்படாம சொல்லிப் பாருங்கம்மா. நம்ம பதட்டம் குழந்தைக்குத் தெரியும்" என்றேன். நிபுணர்கள் இப்படித்தான் நிற்பார்கள் என்று எங்கோ பார்த்திருக்கிறேன்.

மே 2, வெள்ளி

பதினெட்டு. ஒன்று குறைந்ததற்கு மின்விசிறிச் சத்தம் காரணம்.

மே 7, புதன்

பெரிய செய்தி. சுகந்தி அம்மா வீட்டுப் பக்கத்துப் பள்ளியின் தலைமையாசிரியை என் பதிவுத்தாள்களையும் நான் எடுத்த வீடியோவையும் பார்த்துவிட்டு, சஹானாவை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். 'சொன்னால் புரிகிற குழந்தை' என்றாராம். 23-ஆம் தேதி நேரில் வந்து ஒருமுறை பார்ப்பார், அவ்வளவுதான். இதற்குமுன் மூன்று பள்ளிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பியவை.

சுகந்தி அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயோ, என்னம்மா இது" என்று சொன்னேன். சொல்வதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மே 10, சனி

கல்யாணத் தரகர் வந்தார். "பையன் இப்ப என்ன பண்றாப்ல?" என்று கேட்டார். அப்பா என்னை முந்திக்கொண்டு, "பேங்க்ல" என்றார். நான் குமிழி ஊதுகிற புட்டியைச் சட்டைப்பைக்குள் தள்ளி மறைத்தேன். சோப்புத் தண்ணீர் கசிந்து பை முழுக்க நுரை. தரகர் பார்த்தார், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை.

மே 13, செவ்வாய்

கண் சிவந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. மெட்ராஸ் ஐ. மையத்துக்கு வரவே கூடாது என்று மேடம் போனிலேயே விலகி நின்று பேசினார்.

மே 19, திங்கள்

ஆறு நாள் கழித்துப் போனேன். தொற்று விட்டது, கண்கூச்சம் விடவில்லை, மூன்று நாள் கறுப்புக் கண்ணாடி போடச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். கண்ணாடியில் அரசியல் கூட்டத்து மேடையில் ஓரமாக நிற்கிறவன் மாதிரி இருந்தேன்.

சஹானா இன்று ஐந்து. இருபதுக்கு ஐந்து. கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள், மேஜையைத் தட்டினாள், அழுதாள். ஆறு நாள் நான் வராத கோபம். என்மேல் இவ்வளவு பாசமா என்று நினைத்துக்கொண்டே இரண்டு குமிழி கூடுதலாக ஊதினேன்.

மே 20, செவ்வாய்

நான்கு. இன்னும் கோபம்.

மே 21, புதன்

ஆறு. சமாதானம் ஆகி வருகிறாள்.

மே 22, வியாழன்

கண்ணாடியைக் கழற்றினேன். பத்தொன்பது. மேடத்திடம் மூன்று நாள் கதையைச் சொன்னேன். அவர் தலை நிமிராமலே, "உங்க முகம் தெரியலைன்னு டிஸ்டர்ப் ஆயிருப்பா சார்" என்றார். அவருக்குப் பதினான்கு குழந்தைகள். எனக்கு ஒருத்தி, அதனால் விளக்கம் சொல்ல நேரம் இருக்கிறது. விளக்கம்: அன்பு.

தலைமையாசிரியைக்கு நாளை வேறு வேலையாம். ஜூன் 3-க்குத் தள்ளிவைத்திருக்கிறார்.

மே 25, ஞாயிறு

பெட்டி வாங்கினோம். நீல நிறம், சக்கரம் வைத்தது. மதியம் அப்பாவும் நானும் ரம்மி ஆடினோம். ஆறு ஆட்டம், ஆறிலும் தோற்றேன். எனக்குத் தெரிந்து பத்து வருடமாகத் தோற்கிறேன். எரிச்சலில், "எப்படிப்பா எனக்கு என்ன வேணும்னு உங்களுக்குத் தெரியுது?" என்றேன்.

அப்பா சீட்டைக் கலைத்துக்கொண்டே, "உங்கூட ஆடுறதுக்கு எனக்கு என்ன மூளையாடா வேணும்? எந்தக் கார்டு வேணுமோ உங்கண்ணு அதுமேலயே போயி உக்காந்துக்கும். எடுத்தவுடனே எடுக்காத மாதிரி மூஞ்சிய வச்சுக்குவ. சின்னப் புள்ளைகூட கண்டுபுடிச்சிரும்" என்றார்.

ஏழாவது ஆட்டத்துக்குச் சீட்டுப் போட்டார். நான் எடுக்கவில்லை.

கறுப்புக் கண்ணாடி போட்ட நாட்களில் ஐந்து, நான்கு, ஆறு. கூட்டினால் பதினைந்து. மூன்று நாளுக்கு வகுத்தால் ஐந்து. மேஜையில் நான்கு அட்டை. ஒன்றுமே புரியாமல் கைக்கு வந்ததை எடுத்தாலும் இருபதுக்கு ஐந்து வரும். ஜனவரியில் தொடங்கியபோதும் ஐந்துதான். நான் பி.எஸ்சி. கணிதம், முதல் வகுப்பு.

மே 26, திங்கள்

என் கணக்கு தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன். "பந்து எடு" என்று சொல்லிவிட்டுக் கரண்டியைப் பார்த்தேன். சஹானா கரண்டியை எடுத்துக் கொடுத்தாள், கொஞ்சமும் தயங்கவில்லை. "தயிர் எடு" என்று செருப்பைப் பார்த்தேன். செருப்பு வந்தது. எல்லாம் முடிந்து எண்ணிப் பார்த்தேன். நான் பார்த்ததைக் கொடுத்த கணக்கில் இருபதுக்கு இருபது.

'யார் கண்ணையும் பார்க்க மாட்டாள்' என்று அவள் கோப்பில் நான்கு இடத்தில் எழுதியிருக்கிறது. நாலாவதை எழுதியது நான். குமிழி வேண்டும், இந்த ஆளின் கண் எங்கே போகிறதோ அங்கே கை வைத்தால் குமிழி வரும். இதை அவளே ஓரக்கண்ணால் கண்டுபிடித்து, ஐந்து மாதத்தில் பிழையில்லாத அளவுக்குத் தேறியிருக்கிறாள். வார்த்தை ஒன்றையும் நான் கற்றுக்கொடுக்கவில்லை.

வீட்டில் சுகந்தி அம்மாவுக்கு ஏன் வரவில்லை என்பதும் தெரிந்துவிட்டது. அவர் அட்டையையே பார்ப்பதில்லை. மகள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

யாரிடமும் சொல்லவில்லை. தாளில் எதையும் குறிக்காமல் வந்துவிட்டேன்.

மே 27, செவ்வாய்

இன்று பேருந்தில் ஓர் அருமையான யோசனை வந்தது. எழுதவே கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

தலைமையாசிரியை வரும்போது வழக்கம்போல உட்கார்ந்தால் போதும், பத்தொன்பது வந்துவிடும். ஒன்பதாம் தேதி நான் கிருஷ்ணகிரியில் இருப்பேன். எனக்குப் பிறகு யார் உட்கார்ந்தாலும் சஹானா ஐந்துக்கு இறங்குவாள். உடனே எல்லோரும் என்ன சொல்வார்கள்? 'மாறன் சார் போனதால புள்ள வாடிப்போச்சு' என்பார்கள். பொய் ஒன்றும் சொல்ல வேண்டாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாலே போதும், நான் ஒரு மகான் ஆகிவிடுவேன். சுவரில் அந்தக் கோட்டுப்படமும் இருக்கும்.

சஹானா வகுப்பில் நாற்பது பேருக்கு நடுவே ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பாள். 'வேண்டுமென்றே செய்ய மாட்டேன் என்கிறது' என்று சொல்வார்கள். யோசனையில் இந்தப் பகுதியை மட்டும் வேகமாகத் தாண்டிப் போனேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தையும் தாண்டிவிட்டேன்.

மே 29, வியாழன்

மேடத்திடம் சொன்னேன். சொல்லவில்லை, காட்டினேன். அவரே உட்கார்ந்து பார்த்தார். பந்தைக் கேட்டேன், கரண்டி வந்தது.

மேடம் போனில் அந்த வீடியோவைத் திறந்து பார்த்தார். "அந்த வீடியோல உங்க முகமே இல்லையே சார். யாரு எடுத்தா?"

"நான்தான் மேடம். அவ கை மட்டும் நல்லா தெரியட்டும்னு..."

"அதைப் பாத்துத்தான நானும் நம்பினேன். ஒரு நாள் வேற ஆள உக்கார வச்சுப் பாத்திருக்கணும். அது என் தப்பு." சுவரிலிருந்து படத்தைத் தானே கிழித்தெடுத்தார். "அம்மாகிட்ட நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா? ஹெச்.எம். வர்றதுக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரியணும்."

"நானே சொல்றேன்" என்றேன். வாய்க்கு என்ன, அது சுலபமாகச் சொல்லிவிட்டது.

மே 30, வெள்ளி

சொல்லவில்லை. சுகந்தி அம்மா அவசரத்தில் இருந்தார். அவர் அவசரத்தில் இல்லையென்றால் நான் இருந்திருப்பேன்.

மே 31, சனி

சொல்லவில்லை. இன்று சஹானாவின் சீருடைத் துணியைக் கொண்டுவந்து காட்டினார். பச்சைக் கட்டம். "கலர் எடுப்பா இருக்கு" என்று சொன்னேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஜூன் 2, திங்கள்

சொல்லிவிட்டேன்.

வாசலில் செருப்பு விடுகிற இடத்தில் சுகந்தி அம்மாவை நிறுத்தினேன். நான்கு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். முதல் வாக்கியத்திலேயே 'எதேச்சையான' என்றொரு சொல் வந்து, அவருக்கும் புரியாமல் எனக்கும் புரியாமல் நின்றுவிட்டது. கடைசியில், "சஹானாவுக்கு அந்த வார்த்தையெல்லாம் தெரியாதும்மா. நான் எதைப் பாக்குறேனோ அதை எடுக்குறா. நான்தான் தெரியாம காட்டிக்குடுத்திருக்கேன். அஞ்சு மாசமா" என்றேன்.

அவர் பையைக் கீழே வைத்தார். சஹானா அங்கிருந்த செருப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சார், வீட்ல எங்கிட்ட எடுக்க மாட்டேங்கிறான்னு சொன்னேன்ல. நீங்க என்ன சொன்னீங்க?"

எனக்கு ஞாபகம் இருந்தது. இல்லாதவன் போல நின்றேன்.

"பதட்டப்படாம சொல்லுங்கன்னீங்க. நானும் குரலக் கொறச்சேன். டிவியத் தூக்கிப் பரண்ல போட்டேன். நீங்க நீலச் சட்டை போடுறீங்களேன்னு நீலப் பொடவை கட்டிக்கிட்டு உக்காந்து பாத்தேன் சார். சிரிக்காதீங்க."

நான் சிரிக்கவில்லை.

"யாரோ ஒரு சார் சொன்னா செய்யிது. பெத்தவ சொன்னா செய்யலை. அப்பன்னா என்ன அர்த்தம்? எம்புள்ளைக்கு என்னையப் புடிக்கலைன்னுதானே நான் நெனச்சேன்? அவங்க அப்பாகிட்டகூட போன்ல சொல்லி அழுதேன்." ஓர் அடி முன்னால் வந்தார். "அப்ப எம்மேல தப்பு இல்ல?"

"இல்லம்மா."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"உங்க மேல தப்பே இல்லம்மா. எம்மேலதான்."

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அதோடு முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். நிமிர்ந்தபோது வேறு முகமாக இருந்தது. "ஸ்கூலுக்கு நான் என்ன சொல்றது? சொந்தக்காரங்க அத்தன பேர்கிட்டயும் சொல்லிட்டேன். இப்ப நீங்க என்ன பண்ணப்போறீங்க?"

இதற்கு வாக்கியம் தயார் செய்திருக்கவில்லை. "நான் இங்கயேதான் இருக்கப்போறேன்" என்று வந்துவிட்டது. கேட்டு நானே திடுக்கிட்டேன்.

"இருந்து?"

"மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அடுக்கிய செருப்பில் என்னுடையதும் இருந்தது. கலைக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் வெறுங்காலோடு நின்றேன்.

ஜூன் 4, புதன்

தலைமையாசிரியையிடம் மேடம் பேசிவிட்டார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று பதில். சஹானா இரண்டு நாளாக வரவில்லை.

திங்கள் இரவே அப்பாவிடம் சொன்னேன், வங்கிக்குப் போகவில்லை என்று. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "காரணம்?" என்றார்.

"ஒரு புள்ளைக்கு அஞ்சு மாசமா தப்பா சொல்லிக்குடுத்துட்டேன்பா."

"அதுக்கு அவங்கல்ல உன்னைய வெளிய அனுப்பணும்? நீயா எதுக்குடா உள்ள இருக்கேங்கிற?"

நியாயமான கேள்வி. பதினோரு தேர்விலும் இப்படியொரு கேள்வி வந்ததில்லை. "போயிட்டா அந்தத் தப்பு யாருக்கும் தெரியாதுப்பா. அதான்" என்றேன். அப்பாவுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. தெருவில் அந்த நாலு வீட்டைத் தாண்டித்தான் பால் வாங்கப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னார். இரண்டு நாளாகப் பேச்சு இல்லை. சாப்பாடு உண்டு.

ஜூன் 9, திங்கள்

பணியில் சேரக் கடைசி நாள். பத்து மணிக்குப் பணி ஆணையை மடித்து நீலப் பெட்டிக்குள் வைத்தேன். பத்தரைக்கு டிப்ளமோ விண்ணப்பத்தைப் போட்டேன். அங்கே விண்ணப்பித்தவர்களில் என்னை விட்டால் மூத்தவருக்கே வயது இருபத்திரண்டாம்.

பதினொன்றுக்குச் சுகந்தி அம்மா சஹானாவோடு வந்தார். "யோசிச்சேன் சார். நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இருக்காது. வேற என்னத்த யோசிக்கிறது" என்றார். "ஆனா இனிமே நானும் உள்ள உக்காருவேன்."

இனி சொன்னதை எடுக்கும் பாடம் கிடையாது. அவளுக்கு எது வேண்டுமோ அந்த அட்டையை அவளாகக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், கொடுத்தால் அது கிடைக்கும். மேடமும் நானும் சேர்ந்து போட்ட திட்டம். எதிரே சுகந்தி அம்மா, நான் சஹானாவுக்கு முதுகுப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். இன்று ஒன்றும் கொடுக்கவில்லை. திரும்பித் திரும்பி என் முகத்தைத் தேடினாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை.

ஜூன் 12, வியாழன்

ஒன்றும் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

அப்பாவே சீட்டை எடுத்து வந்தார். சமாதானம் என்று வைத்துக்கொண்டேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆடினேன். ஆறிலும் தோல்வி. மூக்கு விடைக்கிறதாம்.

ஜூன் 18, புதன்

ஒன்றும் இல்லை. அட்டை ஒன்றைக் கடித்துத் துப்பினாள். கரண்டி. அதை ஒரு கருத்தாக எடுத்துக்கொள்ளலாமா என்று மேடத்திடம் கேட்டேன். "வேணாம் சார்" என்றார். சுகந்தி அம்மா அட்டைகளின் இன்னொரு செட்டை வீட்டுக்கு எடுத்துப் போனார். அங்கே சமையலறைக் கதவில் ஒட்டிவைக்கப் போகிறாராம்.

ஜூன் 22, ஞாயிறு

சலூனில் பாதி முகம் மழித்திருந்தபோது போன் அடித்தது. சுகந்தி அம்மா. ஞாயிற்றுக்கிழமை போன் என்றதும், வேறு மையம் பார்த்துக்கொண்டேன் என்று சொல்லத்தான் என்று நினைத்தேன்.

"சார், தயிரு."

"என்னம்மா?"

"தயிரு கார்டு. குடுத்தா சார்."

நான் நாற்காலியில் நிமிர்ந்ததில் கடைக்காரர் கத்தியைச் சட்டென்று பின்னால் இழுத்தார். "நீங்க என்ன சொன்னீங்க? எங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க?" என்று போலீஸ் மாதிரி கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலை சார். வெங்காயம் வதக்கிக்கிட்டு இருந்தேன், அடுப்பத்தான் பாத்தேன். முதுகுல என்னவோ குத்துச்சு. திரும்பிப் பாத்தா கார்ட வச்சுக் குத்திக்கிட்டு நிக்கிறா. எந்தலையெழுத்து, வீட்ல தயிரு இல்ல சார். அடுப்பக்கூட அணைக்காம கீழ் வீட்டுக்கு ஓடினேன்."

"கெடச்சுதா?"

"கெடச்சுது. முழு டம்ளரையும் குடிச்சா. வெங்காயம்தான் கருகிப்போச்சு." சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டதில்லை. "எங்கிட்ட வந்து கேட்டா சார். எங்கிட்ட."

ஒரே ஒரு முறை நடந்தது எதையும் நிரூபிக்காது, கணிதத்தில் அப்படித்தான். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அழுதேன், பாதி முகம் சோப்போடு. கடைக்காரர் பதறி, "கத்தி பட்டுருச்சா தம்பி?" என்றார். ஆமாம் என்றேன். படிகாரம் தடவினார்.

நாளை காலை புதுப் பதிவுத்தாள் போட வேண்டும். தயிர், ஒன்று. கற்பித்தவர் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் சுகந்தி என்று எழுத வேண்டும்.